“பத்து வருஷம் ஆச்சா, தள்ளிவிடு” என்பவர்களுக்கு ஒரு மறுப்பு

கார் வாங்கிப் பத்து வருஷம் தாண்டிவிட்டால் போதும், அதைப் பற்றி யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. அச்சரப்பாக்கம் பஜாரில் டீ குடிக்க நிறுத்தினாலும், மேல்மருவத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்தினாலும், யாராவது ஒரு மாமா பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். “இன்னுமா இதையே ஓட்டிக்கிட்டிருக்க? என்னைக்காவது நடுரோட்ல நிக்க வச்சிடும் பாரு. வந்த விலைக்குத் தள்ளிட்டுப் புதுசா ஒண்ணு எடுப்பா.” கேட்பவருக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. மனிதனுக்கு வயதானால் உடம்பு தளர்கிறது, வண்டிக்கும் அப்படித்தானே என்று நினைத்துக்கொள்கிறார்.

இந்த ஒரு யோசனைக்குள் நான்கு நம்பிக்கைகள் மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பழைய வண்டி எந்நேரமும் படுத்துவிடும். பார்ட்ஸ் கிடைக்காது. பதினைந்து வருஷம் ஆனால் சட்டப்படி ஓட்டவே கூடாது. ரிப்பேருக்குக் கொட்டும் காசில் புது வண்டிக்கே தவணை கட்டிவிடலாம். நான்குமே தவறு என்பது என் கட்சி. முழுத் தவறு ஒன்று, முக்கால் தவறு மூன்று என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கார்க் கண்காட்சிக்குப் போகும் பளபளப்பு வண்டிகளைப் பற்றி இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல் வியாபாரி, அரசு அலுவலகக் கிளார்க் ஆகியோரின் வீட்டு வாசலில் தார்ப்பாயோ வேப்ப நிழலோ கூரையாக நிற்கும் டிக்கி வைத்த குடும்பக் கார்கள் அவை: ஃபோர்டு ஐகான், ஃபியெஸ்டா, ஹூண்டாய் ஆக்சென்ட், மாருதி எஸ்டீம், ஹோண்டா சிட்டி, முதல் தலைமுறை டிசையர். வருஷத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி, தாம்பரத்தில் மகள் வீடு, திண்டிவனத்தில் ஒரு துக்கம், எப்போதாவது பாண்டிச்சேரி.

முழுத் தவறு சட்டம் பற்றியது, அதை முதலில் முடித்துவிடலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி, கட்டணம் கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் வயதை மட்டுமே காரணமாகக் காட்டிச் சொந்தக் காரை நிறுத்தும் விதி கிடையாது. அப்படியானால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? ஒரு பாதி டெல்லியிலிருந்து. அங்கே காற்று மாசுக்காக 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் தடை விதித்தார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மறுபாதி, 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களைக் கழித்துக்கட்ட வேண்டும் என்று வந்த உத்தரவிலிருந்து. கலெக்டர் ஆபீஸ் ஜீப்புக்குச் சொன்னதை நம் வீட்டு ஆக்சென்டுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டோம். டெல்லியிலேயே கதை மாறிவிட்டது. 2025 ஆகஸ்டில், வயதைக் காரணம் காட்டிக் கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அதைத் திருத்தி, பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு என்றது. அதாவது கேள்வி ‘எத்தனை வயது’ என்பதிலிருந்து ‘எவ்வளவு புகை’ என்பதற்கு நகர்ந்திருக்கிறது. சரியான திசை அதுதான்.

சட்டம் விடுகிறது, சரி. வண்டி விடுமா?

படாளத்திலிருந்து தொழுப்பேடு வரை ஜி.எஸ்.டி. சாலையோரம் எத்தனையோ ஒர்க்ஷாப்புகள். அவற்றில் எதிலாவது அரை நாள் உட்கார்ந்து, கயிறு கட்டி இழுத்துவரப்படும் கார்களுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பேட்டரி படுத்தது. டயர் வெடித்தது. எஞ்சின் ஹீட் ஆனது. பெல்ட் அறுந்தது. ஃபியூஸோ ஒயரோ போனது. சாலையில் காரை நிறுத்திவைக்கும் காரணங்களில் பெரும்பங்கு இந்தச் சின்னப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இதில் உள்ள பாகங்கள் எல்லாமே தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு, அது முன்கூட்டியே தெரியும். இந்த ஊர் வெயிலில் பேட்டரி மூன்று, நான்கு வருஷம். டயர் ஐந்து, ஆறு வருஷம், பட்டன் தேயாமல் இருந்தாலும் சரி. கூலண்ட் இரண்டு, மூன்று வருஷம். ஆயில், ஓட்டம் குறைவாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை.

எனவே பார்க்க வேண்டியது காரின் வயதை அல்ல, காருக்குள் இருக்கும் பாகங்களின் வயதை. 2009 மாடல் கார் ஒன்று. அதில் ஆறு மாத பேட்டரி, சென்ற வருஷம் மாற்றிய டயர், தீபாவளிக்கு மாற்றிய ஆயில், புது ஹோஸ். பக்கத்தில் 2021 மாடல். அதில் கம்பெனியிலிருந்து வந்த அதே பேட்டரி, அதே டயர், ஒருமுறைகூடத் தொடாத கூலண்ட். சித்திரை வெயிலில் மதுராந்தகம் ஏரிக்கரை தாண்டி எது ஓரங்கட்டும்? மாமாவின் கணக்கில் 2009. மெக்கானிக்கின் கணக்கில் 2021. எனக்கு மெக்கானிக் மேல்தான் நம்பிக்கை.

டயரின் வயதை யாரும் பார்ப்பதில்லை என்பது ஆச்சரியம். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. குறைவாக ஓடும் குடும்பக் கார்களின் ஆபத்தே இதுதான். பட்டன் புதிது போல இருக்கும், ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும், வீட்டுக்காரர் ‘டயர் நல்லா இருக்கே’ என்று குடும்பத்தோடு நூறில் போவார்.

எஞ்சின் ஹீட் ஆவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கார்களின் கெட்ட பெயரில் பாதி இங்கேதான் சம்பாதிக்கப்பட்டது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு மெழுகு வால்வு உண்டு. எஞ்சின் போதுமான சூட்டுக்கு, பெரும்பாலான கார்களில் எண்பது டிகிரி செல்சியஸுக்கு மேல், வரும்வரை அது கூலண்டை ரேடியேட்டர் பக்கம் விடாது. நம் ஊர் மெக்கானிக்குகளில் பலர் முதல் வேலையாக இதைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். “நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்? வெளிநாட்டுக் குளிருக்குக் குடுத்தது.” கேட்க அறிவாகத்தான் இருக்கும். நடப்பது என்ன? எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டுவதேயில்லை. சென்சாரைப் பார்த்து எரிபொருள் விடும் கம்ப்யூட்டர், வண்டி இன்னும் காலையில் கிளம்பிய நிலையிலேயே இருப்பதாக நினைத்துக் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது. தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும். மைலேஜ் குறைந்ததும் பழி யார் மேல்? “பழைய வண்டி, அப்படித்தான் குடிக்கும்.”

அடுத்தது தண்ணீர். கூலண்ட் வாங்க இருநூறு முந்நூறு ரூபாய் கணக்குப் பார்த்து, போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது. நம் பக்கத்து போர் தண்ணீர் குடத்தில் வெள்ளைப் படிவு விடுவதைப் பார்க்கிறோம், அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் விடும். அலுமினிய ஹெட்டை அரிக்கும். ரேடியேட்டர் மூடியைப் பற்றியும் யாருக்கும் அக்கறை கிடையாது. அதன் ரப்பர் வாஷரும் ஸ்பிரிங்கும் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் நூற்றிருபது வரை தாங்குகிறது. சில நூறு ரூபாய் மூடி தளர்ந்தால் எஞ்சின் ஹெட்டே வளையலாம். (ஜெனரல் மோட்டார்ஸின் கார்களுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிய கம்பெனி சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ். மூடி செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய ஊரில், சொந்த மூடியைத் திறந்து பார்க்க ஆளில்லை.) ஊசி சிவப்புக்கு ஏறிய பிறகும், ஆத்தூர் டோல்கேட் வரை போய்விடலாம் என்று ஓட்டுபவர்கள்தான் ஹெட் கேஸ்கெட்டை ஊதவைக்கிறார்கள். கார் பத்து மாதமானதாக இருந்தாலும் இதே கதிதான்.

பெல்ட் சமாசாரமும் அப்படியே. எஸ்டீமுக்கும் ஃபியெஸ்டா டீசலுக்கும் டைமிங் பெல்ட் உண்டு. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரிலோ வருஷத்திலோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளலாம், எஞ்சின் வேலை முப்பதாயிரம் ஐம்பதாயிரம் என்று போகும். ஐகானின் 1.3 ரோக்கம் எஞ்சினிலும், 2003இல் வந்த ஹோண்டா சிட்டியிலும் பெல்ட் இல்லை, செயின்தான். பழைய கார் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுபவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தன் காரில் இருப்பது பெல்ட்டா செயினா என்று தெரியாமலே அதை விற்றவர்களும் உண்டு.

எஞ்சின் என்னும் பெரிய பாகத்துக்கு ஆயுள் இல்லையா? உண்டு. ஒழுங்காக ஆயில் மாற்றிய பெட்ரோல் எஞ்சின் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போவது அதிசயமில்லை. வருஷத்துக்கு ஆறாயிரம் ஓடும் கார் பதினாறு வருஷத்தில் ஒரு லட்சத்தைத்தான் தொட்டிருக்கும். காரில் அமெரிக்காக்காரன் நம்மைவிடப் பணக்காரன். அங்கே சாலையில் ஓடும் கார்களின் சராசரி வயது 2024 கணக்குப்படி 12.6 ஆண்டுகள். நாம் ‘தள்ளிவிடு’ என்று சொல்லும் வயது அவர்களுக்குச் சராசரிக்கும் கீழே.

புதுசு என்றாலே நிற்காது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 2023 ஜனவரியில் மாருதி சுசூகி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது, ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதித்து மாற்ற. எல்லாம் அதற்கு முந்தைய சில வாரங்களுக்குள் தயாரானவை. அந்தக் கம்பெனியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, ஒத்துக்கொண்டு திரும்ப அழைப்பது நேர்மைதான். புதிதாகச் செய்த எந்த இயந்திரத்துக்கும் தொடக்கக் காலக் கோளாறு உண்டு என்பது பொறியியலில் பால பாடம். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. திரிபுரம் எரிக்கச் சிவன் ஏறிய தேரின் அச்சு முறிந்த இடம் அச்சரப்பாக்கம் என்பது ஆட்சீஸ்வரர் கோவில் தலவரலாறு. அந்தத் தேர் எவ்வளவு பழையது? தேவர்கள் கூடி அந்தப் போருக்கென்றே கட்டிய புத்தம் புதுத் தேர். பூமி தட்டு, சூரிய சந்திரர் சக்கரம், நான்கு வேதங்கள் குதிரை, ஓட்டுநர் பிரம்மா. முதல் ஓட்டத்திலேயே அச்சு முறிந்தது. காரணம், கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. பிள்ளையாரைக் கும்பிட மறந்தார்கள். பக்தர்கள் இதை அவரவர் வழியில் பொருள்கொள்ளட்டும், எனக்கு இது ஆயிலும் காற்றும் பார்க்காமல் புது வண்டி என்ற தைரியத்தில் கிளம்பியவர்களின் கதையாகத்தான் படுகிறது.

இங்கே நம்பகம் என்பதற்கு என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பழுதே வராத வண்டி உலகத்தில் இல்லை. பழுது வந்தால் இந்த ஊரிலேயே, இருக்கிற ஆளைக் கொண்டு, இருட்டுவதற்குள் சரியாகிவிடும் வண்டிதான் நம்பகமான வண்டி. ஐகானின் ஆல்டர்னேட்டர் போனால் அச்சரப்பாக்கத்திலோ மதுராந்தகத்திலோ ஆட்டோ எலக்ட்ரீஷியன் பிரித்துக் கார்பன் பிரஷ் மாற்றி மாலைக்குள் கொடுத்துவிடுவார். ஆக்சென்டின் லோயர் ஆர்ம் புஷ்ஷை அழுத்தி மாற்ற ஒரு பிரஸ் போதும். புதிய வண்டி ஒன்றில் திரையில் மஞ்சள் விளக்கு எரிந்து வேகம் ஏறாமல் போனால், அது என்ன சொல்கிறது என்று படிக்கவே கம்பெனி ஸ்கேனர் வேண்டும். லாரியில் ஏற்றிச் செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டும். பார்ட் வரும்வரை வண்டி அங்கேயே நிற்கும். வாரன்டி இருப்பதால் காசு போகாது, நாட்கள் போகும். சென்னை அண்ணா நகர்க்காரருக்கு இது பெரிய விஷயமில்லை. ஒரத்தியிலும் எலப்பாக்கத்திலும் இருப்பவருக்குப் பெரிய விஷயம்.

“ஃபோர்டா? கம்பெனியே மூடிட்டுப் போயிட்டான், பார்ட்ஸுக்கு எங்க போவ?” என்பது இந்தப் பக்கத்தில் தினமும் கேட்கும் கேள்வி. கேட்பவருக்கு அந்தக் கார் எங்கே பிறந்தது என்பது நினைவில் இருக்காது. ஐகானும் ஃபியெஸ்டாவும் மறைமலை நகரில் செய்தவை, இதே மாவட்டம், இதே சாலை. 1999இல் ஐகான் வந்தபோது, இந்தியச் சந்தையை மனதில் வைத்து ஃபோர்டு செய்த கார் என்றே விற்றார்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று அப்போதே சொன்னார்கள், தொடரத்தான் செய்கிறது. அவர்கள் நாளையே நிறுத்தினாலும் என்ன ஆகும்? காரின் பெரும்பாலான பாகங்களைக் கார்க் கம்பெனி செய்வதில்லை. பாடியின் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, ரானே என்று சென்னையைச் சுற்றியுள்ள உதிரிபாகக் கம்பெனிகள்தான் இந்த நாட்டுக் கார்களின் ஸ்டார்ட்டரையும் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தலைமுறைகளாகச் செய்துவருகின்றன. புதுசு வேண்டுமென்றால் மவுண்ட் ரோடு பக்கத்தில் ஜி.பி. ரோடு. கதவு, கண்ணாடி, ஹெட்லைட் போலக் கழற்றியது போதுமென்றால் புதுப்பேட்டை. காலை பஸ்ஸில் போய் மதியத்துக்குள் கையில் சாமானோடு திரும்பும் தூரம்தான்.

பார்ட்ஸ் இல்லாமல் கார் ஓடாது என்பவர்கள் யாழ்ப்பாணத்தைக் கேட்க வேண்டும். போர்க்காலத்தில் பெட்ரோலே உள்ளே போகாமல் தடை இருந்தபோது, அங்கே மொரிஸும் ஆஸ்டினும் சில துளி பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் கார்கள் அப்போதே முப்பது, நாற்பது வயதானவை. நோயாளியை ஏற்றியதும் கல்யாணத்துக்குப் போனதும் அவைதாம். பிற்பாடு 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்த வாகனங்களுக்கு அது 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. ஐந்து வருஷம் ஒரு நாடே பழைய கார்களில் ஓடியது. பழைய கார் ஓடாது என்பது உண்மையாக இருந்திருந்தால் இலங்கை நின்றிருக்க வேண்டும்.

காசுக்கு வருவோம். ‘ரிப்பேர் செலவுக்குப் புது வண்டித் தவணை’ என்பதைச் சொல்பவர் யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. போட்டுப் பார்க்கலாம். ஏழு லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி, ஏழு வருஷம். மாதத் தவணை சுமார் 11,260 ரூபாய், வருஷத்துக்கு 1,35,000. ஏழு வருஷத்தில் வட்டி மட்டும் ஏறக்குறைய இரண்டரை லட்சம். எட்டு லட்சம் விலையுள்ள வண்டிக்குத் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி 13 சதவீதம், ஒரு லட்சத்து நான்காயிரம். இன்ஷூரன்ஸ்காரர்களின் தேய்மான அட்டவணையிலேயே ஐந்தாம் வருஷ முடிவில் வண்டியின் மதிப்பு பாதி. 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யை 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள், நல்லதுதான். அதைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கு தலைகீழாகாது.

பழைய காருக்கு? மோசமான வருஷம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு டயர், பேட்டரி, கிளட்ச் செட், முன்பக்க சஸ்பென்ஷன் வேலை எல்லாம் ஒரே வருஷத்தில் வந்துவிட்டன. ஊர் ஒர்க்ஷாப் கூலியில் ஐம்பது, அறுபதாயிரம் ஆகலாம். வயிறு எரியும். ஆனால் தவணையில் பாதியைத் தொடவில்லை. அடுத்த மூன்று வருஷத்துக்கு அந்த வேலை எதுவும் திரும்ப வராது. சாதாரண வருஷத்தில் ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் என்று பதினைந்து இருபதாயிரத்தில் முடியும். 1000 முதல் 1500 சி.சி. வரையிலான காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருஷத்துக்கு 3,416 ரூபாய். ரிப்பேர் பில் ஒரே நாளில் வருவதால் வலிக்கிறது, தவணை மாதாமாதம் சத்தமில்லாமல் பிடிக்கப்படுவதால் வலிப்பதில்லை. ஷோரூம் விற்பனையாளருக்கு இது நன்றாகத் தெரியும்.

எதிர்க்கட்சியின் பலமான வாதத்தை மாமாக்கள் சொல்வதே இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு. ஓட்டுநர் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் 2019 முதல்தான் எல்லா கார்களுக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய குடும்பக் கார்கள் பலவற்றில் இரண்டும் கிடையாது. ஜி.எஸ்.டி. சாலையில் இரவில், குழந்தைகளோடு, தினமும் நெடுந்தூரம் போகிறவர், கையில் காசும் இருக்கிறதென்றால், புது வண்டி வாங்கட்டும். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதை ஏர்பேக்குக்காக வாங்குங்கள், ‘பழசு நின்றுவிடும்’ என்பதற்காக வாங்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. காசில்லாத வீட்டில் பழைய காரை ஐம்பதாயிரத்துக்குத் தள்ளிவிட்டால் அந்த இடத்துக்கு வருவது புதுக் கார் இல்லை. அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை என்று பைக்தான் வரும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். சீட் பெல்ட் போட்டு, நல்ல டயரோடு, எழுபதில் போகும் ஐகானை அந்த பைக்கோடு ஒப்பிட வேண்டும், ஷோரூமில் நிற்கும் காரோடு அல்ல.

புகை விஷயத்தில் பழைய டீசலுக்கு என்னிடம் வக்காலத்து இல்லை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 தரம் டீசல் கார்களின் துகள் மாசை முந்தைய தரத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியது. பெட்ரோலில் அந்த இடைவெளி அவ்வளவு பெரிதில்லை. இ-20 பெட்ரோலைப் பற்றிய பயத்தில் உண்மை இருக்கிறது. இருபது சதவீத எத்தனாலுக்கு என்று வடிவமைக்காத வண்டிகளில் மைலேஜ் குறையும், ரப்பர் ஹோஸும் கேஸ்கெட்டும் சீக்கிரம் கெடலாம். இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக் கணக்கில் நிறுத்திவைக்காமல் வாரம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டுங்கள்.

தள்ளிவிட வேண்டிய பழைய கார்களும் உண்டு. செய்யூர், கடப்பாக்கம், மரக்காணம் பக்கம் உப்புக் காற்றில் வருஷக்கணக்கில் நின்று, அடிப்பாகமும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமும் துரு தின்ற கார் ஒன்று. கதவின் கீழ் ஓரத் துருவுக்குப் பட்டி பார்க்கலாம், சேஸிஸ் துருவுக்குப் பார்க்க முடியாது. டிசம்பர் வெள்ளங்களில் டேஷ்போர்டு வரை மூழ்கி எழுந்த கார் இன்னொன்று; ஒயரிங்கில் பச்சைப் பூஞ்சை பிடித்தபின் அது எந்த மெக்கானிக்குக்கும் அடங்காது. நீலப் புகை விட்டு ஆயில் குடிக்கும் எஞ்சின் மூன்றாவது. இந்த மூன்றிலும் முடிவைச் சொல்வது வண்டியின் நிலைமை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருஷம் சொல்வதில்லை.

அரசும் மாமாவின் பக்கம் நிற்பதுதான் எனக்குக் கோபம். கார் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயது தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். சோதனையில் சுத்தமாகத் தேறும் காருக்கும் புகை கக்கும் காருக்கும் ஒரே தொகை. வருஷத்தைப் பார்த்து வசூலிப்பதை விட்டுவிட்டுப் புகையையும் பிரேக்கையும் அளந்து வசூலியுங்கள்; தேறாத காரை ஐந்து வயதானாலும் நிறுத்துங்கள், தேறிய காரை இருபத்தைந்து வயதானாலும் விடுங்கள்.

அதுவரை இருக்கிற விதிப்படி நடக்க வேண்டியதுதான். பதினைந்து வருஷத்தை நெருங்கும் கார் வைத்திருப்பவர்கள் ஆர்.சி.யில் பதிவு முடியும் தேதியை இன்றே பாருங்கள். 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ஐக் கொடுக்கலாம்; தேதி தாண்டிப் போனால் தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.